தட்டில் கை வைத்தவன்

அத்தியாயம் 9

காட்லிசன் டெம்பா சிரித்தபோது அவன் பல் வரிசையை ரசிக்க எனக்குத் தோன்றவில்லை. அதில் நாலையாவது பெயர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும் என்று தோன்றியது.

"வாங்கம்மா, வாங்க! கட்டாவிக்கு சஃபாரி போகணுமா? சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க" என்றான்.

சரியான இடமாம்! போன வாரம் இதே மேசையில் திட்டம் போட்டுக் கிளம்பிய பயணத்தில் ஒருவன் செத்தே போனான். இன்னொருவன் ம்பாண்டா போலீஸ் ஸ்டேஷனில் கம்பிக்குள் கிடக்கிறான். கிடப்பவன் கியோண்டோ, என் அக்கா நாகிஜ்வாவின் புருஷன். அவனைக் கம்பிக்குள் தள்ளிய மகானுபாவன் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறான்.

டோட்டோ அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி ஒரு முனகல் முனகியது. இருபது வருஷம் தபோரா போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு, இப்போது தனியாகத் துப்புத் துலக்கும் பெண்மணி. கனத்த உடம்பு, மெதுவான பேச்சு, மடியில் எப்போதும் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம். நான் மெஷாக், அவளுடைய டிரைவர், மெக்கானிக், எடுபிடி. அவள் யோசிப்பாள், நான் கோபப்படுவேன். எங்களுக்குள் வேலைப் பிரிவினை அப்படி.

விஷயம் இதுதான். கட்டாவி வனவிலங்குப் பூங்காவுக்குப் போகிற ஆள் அபூர்வம். வடக்கே பேர்போன பூங்காக்களில் ஒரு சிங்கத்தைச் சுற்றி முப்பது வண்டி நிற்கும். இங்கே முப்பது சிங்கத்துக்கு ஒரு வண்டி இருந்தால் அதுவே திருவிழா. உள்ளே பங்க் இல்லை, கடை இல்லை, போனுக்கு டவர் இல்லை. ஆகவே இங்கே சஃபாரிக்குத் திட்டம் போடுவது என்றால் முதலில் டீசலுக்குத் திட்டம் போடுவது. விருந்தாளிகள் வருவதற்கு முன்பே இரண்டு பீப்பாய் டீசலைக் கொண்டுபோய், பூங்காவின் தூரத்து முனையில், சாடா சமவெளிக்கு அப்பால் புதருக்குள் ஒளித்து வைத்துவிட்டு வரவேண்டும். போகும்போது ஒரு டேங்க், திரும்பும்போது அந்தப் பீப்பாய்.

கியோண்டோ நாலு வெள்ளைக்காரர்களோடு அங்கே போய்ச் சேர்ந்தபோது பீப்பாய்கள் இருந்தன. டீசல் இல்லை. ஆபத்துக்குப் பேசுகிற சாட்டிலைட் போனோ ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லி டெம்பா கொடுக்கவே இல்லை. விருந்தாளிகளை வண்டிக்குள் உட்காரவைத்துவிட்டு, கியோண்டோவும் சமையல்காரன் சிச்சூலாவும் கட்டுமா ஆற்றோரமாக ரேஞ்சர் குடிலுக்கு நடந்தார்கள். நாணலுக்குள்ளிருந்து காட்டெருமை வந்துவிட்டது. கியோண்டோ குடிலுக்குப் போய்ச் சேர்ந்தான், தோளில் சிச்சூலாவோடு. இறக்கிக் கிடத்தியபோது சிச்சூலாவிடம் மூச்சு இல்லை.

வெள்ளைக்காரர்கள் பத்திரமாக விமானம் ஏறிவிட்டார்கள். தோளில் பிணத்தைச் சுமந்தவனுக்கு விலங்கு. டீசலை விற்றுத் தின்று ஒரு உயிரைப் பலி கொடுத்தவன் என்று புகார். இன்று சாயங்காலம் அவனை ஜெயில் வேனில் சும்பவாங்காவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே போய் விழுந்தால் வழக்கு எப்போது எழுந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வழிகாட்டி உரிமமும் போய்விடும், அக்காவும் பிள்ளைகளும் தெருவில்தான். அக்கா போனில் அழுததைக் கேட்டுவிட்டுத்தான் தபோராவிலிருந்து ராத்திரி ரயில் பிடித்து நானும் அம்மாவும் வந்திருந்தோம்.

பீப்பாய் இருக்கிற இடம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். கம்பெனி முதலாளி ஷாயோ அம்மா, கியோண்டோ, மேனேஜர் டெம்பா.

"முதலாளியம்மா தன் டீசலத் தானே திருட மாட்டா. மிச்சம் ரெண்டு பேரு" என்று வரும் வழியில் டோட்டோ அம்மா சொல்லியிருந்தாள். "அஞ்சு வருஷம் வேல பாத்த கியோண்டோவ விட்டுட்டு, நேத்து வந்த டெம்பாவ அந்தம்மா ஏன் நம்புது?"

"அவன் அவங்க மலைக்காரன்மா. சாக்கா இனம். கிளிமஞ்சாரோ அடிவாரத்துல கிபோஷோ. அதே ஊரு, அதே சர்ச்சு. 'நம்ம புள்ள, நம்ம புள்ள'ன்னு உருகறாங்களாம்."

"அப்போ எல்லாம் அந்த ஒரு ஆணியிலதான் தொங்குது. ஆணிய ஆட்டிப் பாப்போம்."

அந்த ஆணியில்தான் கியோண்டோவின் கழுத்தும் தொங்கியது. ஏனென்றால் டெம்பா போலீஸில் கொடுத்த சாட்சியம் இது: பயணத்துக்கு முன்னால், கம்பெனி முற்றத்தில், நாலு பேர் கேட்க, கியோண்டோ முதலாளியைப் பார்த்து, "ஏய் காசுப்பேயே! உன் டீசலையெல்லாம் வித்து உனக்கு ஒரு சவப்பெட்டி வாங்கறேன் பாரு" என்று கத்தினான்.

கத்தினான்தான். அதில் பொய்யே இல்லை. எங்கள் நாட்டில் பால் குடிக்கிற குழந்தைகூட அதைக் கேட்டால் சிரிக்கும். கியோண்டோவும் நானும் பாரே இனம். ஷாயோ அம்மா சாக்கா. பாரேக்கும் சாக்காவுக்கும் உத்தானி, அதாவது கேலிமுறை. சாக்காக்காரனை நான் திருடன் என்பேன், அவன் என்னைக் கஞ்சன் என்பான், சாவு வீட்டில்கூட விடமாட்டோம். கோபித்துக்கொண்டால் கோபித்தவன்தான் முறைகெட்டவன். ஷாயோ அம்மாவும் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "உன்ன வித்தா பொட்டிக்கு ஆணிகூட வராதுடா" என்று திருப்பிக் கொடுத்தாளாம்.

ஆனால் சிச்சூலாவின் உடம்பு வந்து இறங்கியதும் டெம்பா அவள் காதில் ஓதியிருக்கிறான். "நானும் சாக்காதாம்மா, எனக்குத் தெரியாத கேலிமுறையா? அவன் கண்ணுல அன்னைக்குக் கேலி இல்ல." தன் மலைக்காரன் சொன்னான் என்று அந்த அம்மாளும் புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஐந்து வருஷத்துச் சிரிப்பை ஒரு கையெழுத்தில் விற்றுவிட்டாளே!

"எங்க பெரிய பையனுக்குக் கல்யாணம். சொந்தபந்தம் பதினஞ்சு பேரு. எல்லாரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டணும். வெள்ளைக்காரன் மட்டும்தான் பாக்கணுமா நம்ம மிருகத்த?" என்று டோட்டோ அம்மா ஆரம்பித்தாள். "எனக்கு ஷின்யாங்காப் பக்கம். சுகுமா இனம். மாடு இருக்கு, நெல்லு வியாபாரம் இருக்கு."

சுகுமா என்றதும் டெம்பாவின் உதட்டோரம் ஏதோ எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பெரிய கிராக்கி சிக்கிய சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் வரைபடத்தை விரித்தான். நல்ல நாக்கு, வழுக்கிக்கொண்டு ஓடியது. மழைக் காலத்தில் வராதீர்கள், ஆறு வற்றிச் சேறான பிறகு வாருங்கள், நீர்யானையெல்லாம் ஒரே குட்டையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். நீலமும் கறுப்பும் உடுத்தாதீர்கள், செட்ஸி ஈ மொய்த்துக் கடிக்கும். எல்லாம் சரியான தகவல். பிறத்தியார் வாயிலிருந்து எடுத்த தகவல்.

நான் என் திட்டத்தை எடுத்தேன். திட்டம் சுலபம். அவனைத் திட்டுவேன். நிஜ சாக்கா என்றால் பாரேக்காரன் திட்டுக்குச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பான். போலி என்றால் முகம் சுண்டிப்போகும்.

"ஏம்பா, நீ சாக்காவாமே?" என்றேன். "நான் ஸாமே ஊர்க்காரன், பாரே. சாக்காக்காரன் செத்துட்டானான்னு பாக்க டாக்டர் வேணாமாம், காதுகிட்ட சில்லறையக் குலுக்கினாப் போதுமாம். உன் காதைக் காட்டு, பாப்போம்!"

டெம்பா கைகொட்டிச் சிரித்தான். "அட, என் எதிரி வந்துட்டானா! ஏண்டா பாரே, ஒரு கோழிய மீக்கக் கோர்ட்டுக்குப் போய், வக்கீலுக்கு மாட்ட வித்துக் குடுத்த ஜாதிதானே நீ? சொவத்துல மீன வரைஞ்சு வெச்சு, அதக் காட்டிக் காட்டி உகாலிக் களியத் தொட்டுத் திங்கறவன்தானே நீ?"

எனக்குச் சப்பென்று போய்விட்டது. அவன் கோபிக்கவில்லை. திக்கவும் இல்லை. பரீட்சையில் நூற்றுக்கு நூறு. கியோண்டோவை நானே வேனில் ஏற்றிவிட்ட மாதிரி இருந்தது. என்மேலேயே எனக்கு ஆத்திரம் பொங்கியது.

உள்ளறைக் கதவு திறந்தது. ஷாயோ அம்மா கறுப்புத் துணி போர்த்தி வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. சிச்சூலாவின் சாவுக்கு அவள் நிஜமாகவே அழுதிருக்கிறாள் என்பது தெரிந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை, எதற்கு வரவேண்டும்?

அவள் பார்வை என் இடுப்பில் வந்து நின்றது. என் பை ரயிலில் களவு போய்விட்டதால் நான் கியோண்டோவின் கால்சட்டையைப் போட்டிருந்தேன். அவன் ஆலமரம், நான் மிளகாய்ச் செடி. கீழே நாலு மடிப்பு, இடுப்பில் சணல் கயிறு. அக்கா வீட்டிலிருந்து இங்கே வருவதற்குள் தெருப் பிள்ளைகள் கூட்டமாகப் பின்னால் வந்துவிட்டார்கள்.

"யாருடா இந்தப் பாரே?" என்றாள் ஷாயோ அம்மா, உள்ளறையிலிருந்தே எங்கள் கேலியைக் கேட்டிருந்தவளாக. "அப்பன் கால்சட்டையத் திருடிட்டு வந்தவனா, இல்ல அப்பன் இன்னும் உள்ளயே இருக்கானா?"

சொன்னவள் அடுத்த நொடியே வாயைப் பொத்திக்கொண்டாள். துக்கத்தில் இருந்தும் பழக்கம் நாக்கில் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

டோட்டோ அம்மா ஒரு வேர்க்கடலையை வாயில் போட்டாள். ரொம்ப நேரம் மென்றாள்.

"தம்பி, பணம் கட்டறதுக்கு முன்னாடி வண்டியப் பாக்கணும்" என்றாள் டெம்பாவிடம். "என் டிரைவர் பாப்பான். அதுக்குள்ள பக்கத்து மாமரத்தடிக் கடையில சாப்பாடு சொல்லிடறேன். முதலாளியம்மாவையும் கூப்பிடுங்க, துக்கத்துல இருக்கறவங்க பட்டினி கெடக்கக் கூடாது. சாப்பிட்டுக்கிட்டே பேசி முடிச்சிடலாம்."

முற்றத்தில் லாண்ட் க்ரூசர் நின்றது. என்னோடு வந்த அம்மாவிடம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு சீறினேன். "சாப்பாடு ஒரு கேடா? அவன் அசல் சாக்காம்மா! என்னையே மடக்கிட்டான். அங்க வேன் கெளம்பப் போகுது, இங்க நீங்க மீன் சொல்றீங்க!"

"கத்தாத. அவன் உன்ன மடக்கலை, நீயே மடங்கிட்ட."

"என்னது?"

"வண்டியப் பாருடா. அது எவ்வளவு தூரம் ஓடணும்னு அவன் முடிவு பண்ணக் கூடாது, நீ முடிவு பண்ணு." அவ்வளவுதான். விசிறிக்கொண்டு போய்விட்டாள்.

நான் வண்டியைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். மாமரத்தடிக்குப் போனபோது கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவ வேண்டியிருந்தது.

மாமரத்தடியில் இரண்டு மேசை. ஒன்றில் ஒரு தடித்த ஆள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அது சார்ஜென்ட் கபேலே. சாதாரணச் சட்டையில் வந்திருந்தான். ஒரு காலத்தில் டோட்டோ அம்மாவிடம் வேலை கற்றவன். "சாயங்காலம் வரைக்கும்தான் டைம் தருவேன்மா. அதுக்குமேல என் கையில இல்ல" என்று காலையிலேயே சொல்லியிருந்தான்.

உகாலி ஆவி பறக்க வந்தது. ஏரியிலிருந்து வந்த மிகெபுகா மீன், பொரித்தது, ஆளுக்கு ஒன்று. ஷாயோ அம்மா தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். டெம்பா தன் மீனை முதலிலேயே காலி செய்துவிட்டான்.

"டீசல எங்க வைப்பீங்க?" என்று டோட்டோ அம்மா கேட்டாள். "பதினஞ்சு உசுரு வருது."

"இனிமே ஒளிச்சே வைக்கறதில்லைம்மா. கூடவே ஒரு லாரி வரும். பழைய ஆளு திருட்டுப்பய, அதான் அப்படி ஆயிடுச்சு. நான் பூங்கா கேட்டத் தாண்டி ஒரு நாள்கூடப் போனவன் இல்ல. ஆபீஸ் உண்டு, நான் உண்டு. இங்கேர்ந்து நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க? பாவம் சிச்சூலா. நல்லா சமைப்பான்."

'பாவம் சிச்சூலா.' அந்த இரண்டு வார்த்தையை அவன் வாயில் கேட்டதும் என் கையிலிருந்த உகாலி உருண்டை பிசுபிசுவென்று நசுங்கியது. டோட்டோ அம்மா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நூறு கிலோ மிதி.

"அப்போ எங்க டார் எஸ் ஸலாம் சொந்தக்காரங்கள எப்படிக் கூட்டிட்டு வர்றது?" என்று சாவகாசமாகத் தொடர்ந்தாள். "அய்யோ, அங்க போனாலே எனக்கு ஆகாது. அந்த ஸராமோக்காரங்க இருக்காங்களே, அப்பப்பா! கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே கொட்டு அடிச்சு ஆட ஆரம்பிப்பாங்க. மாப்பிள்ளை வந்து எறங்கறப்போ ஊரே குறட்டை விட்டுத் தூங்கும்."

டெம்பாவின் மெல்லுகிற வாய் நின்றது.

"எங்க தாத்தன் அந்தக் காலத்துல தந்தம் சுமந்துக்கிட்டு இங்கேர்ந்து கடக்கரைக்கு நடந்தாரு. போய்ச் சேந்தா, தென்ன மரத்தடியில ஒரு ஸராமோ மல்லாக்கப் படுத்திருக்கான். இவர் தலையில யானைத் தந்தம். அவன் சொல்றான், 'ஏ சுகுமா, சும்மாதானே நிக்கிற? அந்த எளநியப் பறிச்சு என் வாயில கொஞ்சம் ஊத்து. எழுந்திருக்க அலுப்பா இருக்கு'ன்னு!"

சொல்லி முடிப்பதற்குள் டெம்பாவின் கை நீண்டது. டோட்டோ அம்மாவின் தட்டிலிருந்த மீனை முழுசாகத் தூக்கி, நடுவில் ஒரு கடி கடித்தான்.

"உங்க தாத்தன் சுமந்துட்டு வந்தது தந்தமில்ல கெழவி, பசி!" என்றான், வாய் நிறைய மீனோடு. "வந்த அன்னைக்கே ஊருக் கெணத்தக் குடிச்சு வத்தவெச்சாரு. இன்னிக்கும் நீ அந்தக் கெணத்துமேலதான் உக்காந்திருக்க, நாக்காலி கதறுது கேக்கலையா? இந்த மீனு அந்தத் தண்ணிக்கு வட்டி!"

நான் எழுந்தேவிட்டேன். அம்மா வயசுப் பெண்பிள்ளை தட்டில் கை வைத்து, கிழவி என்று வேறு சொல்கிறானே! ஆனால் டோட்டோ அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மனசாரச் சிரித்தாள். டெம்பாவும் சிரித்தான். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் முகத்தில் நிஜமான ஒரு மனுஷன் தெரிந்தான்.

என்னைத் தவிர சிரிக்காதவள் ஷாயோ அம்மா மட்டும்தான்.

"காட்லிசன்" என்றாள். "இப்ப என்ன செஞ்ச நீ?"

அவன் கையில் மீன் அப்படியே நின்றது.

டோட்டோ அம்மா சிரிப்பை நிறுத்தி, விரல்களைத் துடைத்துக்கொண்டாள். "ஷாயோ அம்மா, ஒரு சின்ன சந்தேகம். சாக்காவுக்கும் சுகுமாவுக்கும் கேலிமுறை உண்டா?"

"கெடையாது."

"ஒரு சாக்காப் பையன், முன்னப்பின்ன தெரியாத சுகுமாப் பொம்பளையக் கெழவின்னு சொல்லி, தட்டுல கை வெப்பானா?"

"வெச்சா அவங்கம்மா கைய ஒடிச்சிடுவா."

"ஸராமோவ நான் திட்டினேன். இவனுக்கு ஏன் சுருக்குன்னுச்சு? என் தட்டுல கேக்காம கை வெக்கற உரிமை யாருக்கு இருக்கு?"

ஷாயோ அம்மா டெம்பாவின் கையிலிருந்த மீனைப் பார்த்தாள். "ஸராமோவுக்கு" என்றாள். குரல் கீழே போயிருந்தது. "சுகுமாவுக்குக் கேலிமுறை ஸராமோ."

"தமாஷும்மா!" டெம்பா அவசரமாகச் சிரித்தான். "டார்ல கொஞ்ச நாள் இருந்தேன், பழகிடுச்சு. நான் சாக்கா இல்லைன்னா இந்தப் பாரேக்காரன எப்படி அந்தக் கிழி கிழிச்சேன்?"

"கிழிச்சியா? ஒப்பிச்ச!" டோட்டோ அம்மாவின் குரலில் முதல் தடவையாகச் சூடு ஏறியது. "கோழி வழக்கு, சொவத்து மீனு. நாடு முழுக்க டீக்கடையில விக்கற பழைய சரக்கு. கேலிமுறைக்காரன் ஒப்பிக்க மாட்டான்டா. எதிர்ல நிக்கறவன்கிட்ட என்ன கோணல் இருக்கோ அதப் புடுங்கி அவன்மேலயே வீசுவான். இவன் இடுப்பப் பாரு! சணல் கயிறு, நாலு மடிப்பு. அழுதுக்கிட்டு வந்த ஷாயோ அம்மா, கதவத் தொறந்ததும் அதத்தான் மொதல்ல புடிச்சாங்க. ரத்தத்துல இருக்கறவங்க அப்படித்தான். நீ அவ்வளவு நேரம் அத எதுத்தாப்ல வெச்சுக்கிட்டு மனப்பாடம் சொன்ன. ஆனா என்னைப் பாத்ததும் நாக்காலி கதறுதுன்னு வந்துச்சு பாரு, அது மனப்பாடம் இல்ல. அது உன் சொந்தச் சரக்கு."

என் கால்சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். அடக் கடவுளே, இந்தக் கேவலம்தான் சாட்சியமா!

ஷாயோ அம்மா போனை எடுத்திருந்தாள். "உங்கப்பா எந்தச் சர்ச்சுல மூப்பர்னு சொன்ன? நம்ம புள்ளையப் போய் விசாரிக்கறதான்னு கூச்சப்பட்டுக் கேக்காம இருந்துட்டேன். இப்பக் கேக்கறேன். பாதர் நம்பர் என்கிட்ட இருக்கு."

அவள் எண்ணைத் தட்ட ஆரம்பித்தபோது டெம்பா மேசையைக் கவிழ்த்தான். உகாலி என் மடியில், குழம்பு என் முகத்தில். நான் கண்ணைத் துடைப்பதற்குள் அவன் முற்றத்துக்கு ஓடி, லாண்ட் க்ரூசரில் தாவி ஏறி, கேட்டைத் தாண்டிவிட்டான்.

"ஓடறான்மா!" என்று ஷாயோ அம்மா அலறினாள்.

"ஓடட்டும்" என்றேன். "எவ்வளவு தூரம்?"

தெருமுனை வரைக்கும்தான். வண்டி இருமியது, குலுங்கியது, சோளம் விற்கிறவள் கடைக்கு முன்னால் நின்றது. டெம்பா சாவியைத் திருகினான். மறுபடி திருகினான். கோவென்று கத்தி ஸ்டீரிங்கைக் குத்தினான்.

"டீசல் தீந்து போச்சு போல" என்றேன் சத்தமாக. "பாவம், சஃபாரிக்குக் கெளம்பும்போது பாத்துக்கிட்டுக் கெளம்பியிருக்கணும்!"

சார்ஜென்ட் கபேலே ஓடவில்லை. தேநீரின் கடைசி மடக்கைக் குடித்துவிட்டு, நடந்தே போய், கதவைத் திறந்து அவனைக் கையைப் பிடித்து இறக்கினான். நானும் போனேன். பல் விஷயம் பாக்கி இருந்தது.

ஸ்டேஷனில் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். பெயர் ஷொமாரி. கிஸராவே பக்கத்து ஸராமோ. காட்லிசன் டெம்பா என்ற பெயரில் அவன் சொன்ன கதையில் கிளிமஞ்சாரோ மட்டும்தான் நிஜம், அதையும் அவன் படத்தில்தான் பார்த்திருக்கிறான். பூங்கா கேட்டைத் தாண்டாதவன், ஆள் வைத்து ராவோடு ராவாக டீசலை இறக்கி ஒரு அரிசி மில்லுக்கு விற்றிருக்கிறான். பூங்காவுக்குள்ளேயிருந்து யாராவது பேசிவிட்டால் குட்டு வெளிப்படுமே என்று சாட்டிலைட் போனை அலமாரியில் வைத்துப் பூட்டினான். அதில் ஒரு பழுதும் இல்லை.

"யாரும் சாவாங்கன்னு நான் நெனைக்கல" என்றான்.

நினைக்கவில்லையாம்! பசித்த சிங்கமும் கோபக்கார எருமையும் இருக்கிற காட்டுக்குள் ஆறு பேரைத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, நினைக்கவில்லையாம்! நான் பாய்ந்தேன். இரண்டு கான்ஸ்டபிள்கள் என்னைப் பிடித்தார்கள். டோட்டோ அம்மா பிடிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு விறைத்திருந்தது. ஒரு பல்லாவது ஆடியிருக்கும் என்பது என் நம்பிக்கை.

வேன் வந்து வாசலில் நின்றபோது அதில் ஏற வேறு ஆள் தயாராக இருந்தான்.

கியோண்டோவை வெளியே கொண்டுவந்தார்கள். சட்டையில் இன்னும் சிச்சூலாவின் ரத்தம், காய்ந்து கறுத்துப்போய். மாற்றுச் சட்டை கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அக்கா அவன் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்து, "சிச்சூலாவப் பொதைச்சாச்சா?" என்று மட்டும் கேட்டான். நான் தலையாட்டினேன்.

ஷாயோ அம்மா வந்தாள். வெயிலில், கடைத்தெரு முழுக்கப் பார்க்க, தலையில் சாப்பாட்டுக் கூடையைத் தானே சுமந்துகொண்டு நடந்து வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு அவனுக்கு எதிரே நின்றாள்.

எனக்குள் ஒரு குரூர சந்தோஷம். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாள். கேலிமுறைக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? கியோண்டோவின் நாக்கு எனக்குத் தெரியும். ம்பாண்டா ரயிலடியில் ஆரம்பித்தால் தபோரா வரைக்கும் போகும். ஏழு தலைமுறையையும் இழுத்துத் தெருவில் போடுவான், போடட்டும்.

அவளும் அதற்குத்தான் வந்திருந்தாள்.

"திட்டுடா" என்றாள். "வாயில என்ன வருதோ எல்லாத்தையும் திட்டு. நான் வாங்கிக்கறேன்."

கியோண்டோ அக்காவை மெதுவாக விலக்கினான். சுவரோரம் கிடந்த பெஞ்சைக் கையால் துடைத்தான். பிறகு பெரியவர்களுக்கு முன்னால் குனிகிற மாதிரி லேசாகக் குனிந்தான்.

"ஷிக்காமோம்மா. வாங்க, உக்காருங்க. வெயில்ல நடந்து வந்திருக்கீங்க."

ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் அவளுக்கு அந்த மரியாதை வணக்கம் சொன்னதில்லை. 'வாங்க' என்றதில்லை. அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"கியோண்டோ! டேய்! என்னடா இது? என்னக் காசுப்பேய்னு சொல்லுடா! திருடின்னு சொல்லு!"

"அய்யோ, அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா."

"நான் உன் முறைக்காரிடா!"

"நீங்க பெரியவங்க, முதலாளி" என்றான் கியோண்டோ, குரலை உயர்த்தாமல். "நான் ஏதாவது வாய்தவறிச் சொல்லப்போக, யாராவது கேட்டு, அத நீங்க எழுதிக் குடுத்துடுவீங்க."

அவள் பெஞ்சில் உட்காரவில்லை. கூடையையும் எடுத்துக்கொள்ளவில்லை. கியோண்டோ அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவளைத் தாண்டி நடந்தான், போகும்போது மறுபடி ஒரு தடவை மரியாதையாகத் தலைகுனிந்து விடைபெற்றுக்கொண்டான்.